சம்பளம் வரைக்கும் கூடவே வந்தவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வேடிக்கையாக இரண்டு பக்கம் எழுதித் தருவதாகத்தான் சொன்னேன். அந்தச் சாம்பாரை ஏற்கெனவே மூன்று பேர் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம்! மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுங்கள், அந்தப் பகுதிக்குத்தான் ஆள் இல்லை என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. போன வருஷத்திலிருந்தே ஒருவர் மனசில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

அதற்குக் காரணம் நம் சங்கத்தின் கல்வி நிதி. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு நாம் வருஷாவருஷம் பணம் கட்டுகிறோம். ஓய்வு பெற்ற வங்கிக்காரி என்பதால் அந்தக் கணக்கை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். போன வருஷம் தி. நகரில் ஒரு நகைக்கடையில் வளையல் காட்டிய பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாம் இரண்டு வருஷம் கட்டணம் கட்டிய பெண்! மூன்றாம் வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டில் இனி இடமில்லை என்றுவிட்டார்களாம். ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லை. கட்டணம்தான் கட்டியாயிற்றே, தங்க இடமும் கொடுங்கள் என்று எங்களிடம் கேட்க அவளுக்குக் கூச்சம். நாங்களோ ரசீதை ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். கணக்குப் பார்த்தவள் நான்தான். எனக்கே தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவுக்கு வந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. ஐஸ் ஹவுஸ் என்றால் உங்களில் பலருக்குச் சட்டென்று புரியும்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சமாச்சாரம் ஒன்று. என் அப்பாவுக்கு ஓர் அத்தை இருந்தார். நாங்கள் அத்தைப்பாட்டி என்போம். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் ஊர். ஒன்பது வயதில் தாலி, பத்து வயதில் அது போயிற்று. மாப்பிள்ளையின் முகம்கூட ஞாபகம் இல்லை என்பார். அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் மழித்த தலை, நார்மடிப் புடவை, ஒருவேளைச் சாப்பாடு, கொல்லைப்புறத் தாழ்வாரம். பால் கணக்கு, நெல் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவருக்கு வாயிலேயே வரும். அப்பா பேப்பர், பென்சில் வைத்துக்கொண்டு போட்டு முடிப்பதற்குள் அத்தைப்பாட்டி அடுப்படியிலிருந்தே விடையைச் சொல்லிவிடுவார். ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது. தனக்கென்று ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை. ஊருக்கெல்லாம் வடாம் பிழிந்து, பிரசவம் பார்த்து, நோயாளிக்குக் கஞ்சி வைத்து, 1967-இல் கண்ணை மூடினார். இது கொடுமை என்று அப்போது எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

சுப்பலட்சுமியின் கதையும் இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1886-ஆம் வருஷம் மயிலாப்பூரில் பிறந்தவர். பூர்வீகம் எங்கள் பக்கம்தான், தஞ்சை ஜில்லா ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அம்மா விசாலாட்சி. பெண் படு சூட்டிகை. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவுக்கே முதலாவதாக வந்தாள். அந்தக் காலத்தில் அது பெண்ணின் படிப்பை நிறுத்துவதற்கான வயது. வழக்கப்படி நிறுத்தினார்கள். வழக்கப்படி கல்யாணமும் நடந்தது. கொஞ்ச நாளிலேயே பிள்ளை போய்விட்டான்.

இங்கேதான் பாதை பிரிகிறது. எங்கள் வீட்டில் அத்தைப்பாட்டியைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் அப்பா மகளுக்குப் புத்தகத்தைத் திறந்தார். தலையை மழிக்கவில்லை. வீட்டிலேயே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்டுக்கு அனுப்பினார். அந்த வீட்டில் இன்னொரு இளம் விதவையும் இருந்தார். அம்மாவின் தங்கை வாலாம்பாள். இந்தச் சித்திதான் பின்னாளில் சுப்பலட்சுமிக்கு வலது கையாக இருந்து விடுதியையே தாங்கியவர். இவர் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதி நடத்தியவர்களுக்குத் தெரியும், அரிசி, பருப்பு, காய்ச்சல், அழுகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாவிட்டால் எந்த லட்சியமும் ஒரு வாரம் தாங்காது.

கான்வென்டை முடித்துப் பிரசிடென்சி கல்லூரி. பெண்களுக்கென்று மெட்ராஸில் தனிக் கல்லூரி வராத காலம். ராணி மேரி கல்லூரியே 1914-இல்தான் வந்தது. ஆண்களோடு உட்கார்ந்து படித்து 1911-இல் பி.ஏ. முதல் வகுப்பில் தேறினார். மெட்ராஸ் ராஜதானியில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். விதவைப் பெண் தெருவில் எதிரே வந்தாலே சகுனத்தடை என்று திரும்பிப் போகிற ஊரில், தினமும் காலேஜுக்குப் போய்வந்த பெண் என்று நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் பி.ஏ.வின் எடை தெரியும்.

அதோடு நின்றிருந்தால் முதல் பட்டதாரி என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அவருக்கு முன்னால் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்று, வீடு வீடாக முடங்கிக் கிடந்த சின்ன வயது விதவைகள். இன்னொன்று, பெண் பள்ளிகளுக்கு ஆசிரியை கிடைக்காத பிரச்சினை. ஆண் வாத்தியார் இருக்கிற பள்ளிக்குப் பெண்ணை விவரம் தெரிகிற வயது வரை அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான பெண்ணைப் புருஷன் வீட்டார் வேலைக்கு விட மாட்டார்கள். பின்னே யார்தான் வந்து பாடம் நடத்துவது? அரசாங்கத்தில் பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற வெள்ளைக்கார அம்மையாரும் இதே கவலையில் இருந்தார். விதவைப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினால் இரண்டு முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழும். இந்த எண்ணத்தில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

1912-இல் எழும்பூரில், அப்பாவின் வீட்டிலேயே ஆரம்பம். நான்கு பெண்கள். நாற்பது இல்லை, நாலே பேர்! அதே வருஷம் சாரதா மகளிர் சங்கம் என்ற அமைப்பையும் தொடங்கினார். பெண்கள் கூடிப் பேச ஓர் இடம், விடுதிக்கு ஒரு முதுகெலும்பு. பெண்கள் சேரச் சேர வீடு போதவில்லை. கடைசியில் அரசாங்கம் 1917-இல் மெரினா கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸை வாங்க, விதவைப் பெண்களின் விடுதி அங்கே குடியேறியது.

அந்தக் கட்டடத்தின் ஜாதகமே விசித்திரம். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களைச் சேர்த்துவைக்கக் கட்டியது. அந்த வியாபாரம் படுத்த பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கி வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் தங்கினார். அதன் பிறகுதான் நம் பெண்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விடுதிக்குள் வந்த பெண்ணுக்கு என்ன தேவை என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து முன்னால் யோசித்திருக்கிறார். கடைசியில் கிடைக்க வேண்டியது ஆசிரியை வேலை, மாதச் சம்பளம். அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பயிற்சியில் சேரக் குறிப்பிட்ட வகுப்பு வரை தேறியிருக்க வேண்டும். வந்திருப்பவளோ எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறவள். ஆகவே முதலில் அவளுக்குப் பள்ளி. பள்ளியில் மனசு நிற்க வேண்டுமானால் ராத்திரி தலைசாய்க்கப் பயமில்லாத இடம், வயிற்றுக்குச் சோறு, வைவதற்கு ஆளில்லாத வீடு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அவள் திரும்பப் போகிற இடம் அந்தத் தாழ்வாரம்தான். அந்த நகைக்கடைப் பெண் விஷயத்தில் எங்கள் நிதிக்கு விட்டுப்போனது ஒரே ஒரு கண்ணி.

கண்ணி இல்லாத இடத்தில் சுப்பலட்சுமி அதைத் தானே செய்தார். 1922-இல் விடுதிக்குப் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அப்போதைய கவர்னரின் மனைவி பெயர் அது. முதல் பிரின்ஸிபால் இவரேதான். பட்டதாரிகளுக்கு ஒரு பயிற்சி, நடுநிலைப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒன்று, ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒன்று என மூன்று படிகள். எந்தப் படியில் நிற்கிறவளும் அங்கிருந்தே ஏறலாம். கூடவே ஒரு மாதிரிப் பள்ளி. பயிற்சி மாணவிகள் நிஜக் குழந்தைகளுக்கு நிஜப் பாடம் நடத்திப் பழக வேண்டும் அல்லவா? நேற்று வரை நாலு பேர் முன்னால் வரக்கூடாது என்று வைக்கப்பட்ட பெண், இன்று நாற்பது குழந்தைகள் முன்னால் சாக்பீஸோடு நிற்கிறாள். நானும் வங்கியில் பயிற்சி கொடுத்தவள். முதல் நாள் கை நடுங்குவது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நடுக்கமும் இந்த நடுக்கமும் ஒன்றாகுமா?

வேறொரு ஓட்டையும் இருந்தது. அரசாங்க விடுதியில் சின்ன வயதுப் பெண்களுக்குத்தான் இடம். வயது கடந்து வந்தவள் என்ன செய்வாள்? இருபத்தைந்து வயதில் அ, ஆ கற்க வருகிறவளை எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்காக 1927-இல் சாரதா மகளிர் சங்கத்தின் பேரில் சாரதா வித்யாலயா. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி, வயது வந்த விதவைகளுக்குத் தங்குமிடம். பின்னாளில் ராமகிருஷ்ண மிஷன் அதைப் பொறுப்பேற்றது. உஸ்மான் ரோடில் புடவை வாங்கப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறீர்கள்.

எல்லாம் நல்லதாகவே எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது. ஆரம்பத்தில் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மடி, ஆசாரம், சமையல் எல்லாம் வீட்டு வழக்கப்படியே நடந்தது. இன்று படிக்கும்போது நெருடுகிறது, நெருட வேண்டும். அரசாங்கப் பணம் ஒரு சாதிக்கு மட்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அவர் பக்கத்திலும் காரணம் இல்லாமல் இல்லை. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் ஆரம்பித்தபோது, மதம் மாற்றுகிறார் என்று கிளம்பிய புயலில் பல பெற்றோர் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சூடு ஆறாத காலம். ஆசாரம் கெடாது என்று உத்தரவாதம் கொடுத்தால்தான் அப்பன்மார் பெண்ணை அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அது சரியான கணக்காகவே இருக்கலாம். ஆனாலும் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கணக்கால் ஒரு பிரயோசனமும் இல்லையே! பிறகு விடுதியின் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்து மீனவர்களுக்காக ஒரு பள்ளியை நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று மற்றதை ஈடு செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுமணத்தை அவர் முழங்கவில்லை என்பது இன்னொரு குறை. ஆந்திரத்தில் வீரேசலிங்கம் 1881-லேயே விதவைக்கு மறுமணம் செய்துவைத்தார். புனேயில் கார்வே தானே ஒரு விதவையை மணந்து, 1896-இல் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். சுப்பலட்சுமி போனது வேறு வழி. அந்தப் பெண் யாரையும் சார்ந்திராமல் நிற்கட்டும், அதற்கப்புறம் அவள் பாடு என்பதுபோல இருந்திருக்கிறது அவர் நடந்துகொண்ட விதம். இதில் எனக்கே இரண்டு மனசு. என் அத்தைப்பாட்டிக்கு மறுமணம் வேண்டியிருந்ததா, சம்பளம் வேண்டியிருந்ததா? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும்தான் என்று சிரித்திருப்பாரோ என்னமோ.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்ததால் அவர் பல சங்கங்களில் உறுப்பினராகக்கூட முடியாது. ஆனால் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காக அமைத்த ஜோஷி கமிட்டியின் முன்னால் போய்ச் சாட்சியம் சொன்னார். அந்தச் சட்டம் 1930-இல் அமலுக்கு வந்து, பெண்ணின் கல்யாண வயது பதினான்கு ஆனது. வேடிக்கை என்னவென்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே 1886-இல்தான். அவர் சட்டசபைக்குப் போய்ச் சண்டை போட்டார், ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கட்டினார். ஒருவர் கதவைத் தட்டி உடைக்கிறவர், இன்னொருவர் தாழ்ப்பாளை மெல்ல நீக்குகிறவர். ஒரே ஊரில், ஒரே காலத்தில் இரண்டு பேரும் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1958-இல் பத்மஸ்ரீ, நடுவில் 1952 முதல் 1956 வரை மேல்சபை நியமன உறுப்பினர். இதெல்லாம் வந்தது, போனது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா உட்காராததுதான். 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம். 1954-இல் தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம். எழுபதை நெருங்கும் வயது அப்போது! இன்று மயிலாப்பூரில் இருக்கிற வித்யா மந்திர் பள்ளியும் அவர் தலைவராக இருந்த மகளிர் கிளப்பிலிருந்து 1956-இல் முளைத்ததுதான். நம் பேட்சில் இரண்டு பேருக்கு முழங்கால் வலி என்று மறுகூடலுக்கு லிஃப்ட் இருக்கிற மண்டபமாகப் பார்த்தோம். அது கிடக்கட்டும்.

1969 டிசம்பர் 20-ஆம் தேதி அவர் காலமானார். அன்று வைகுண்ட ஏகாதசி. நான் அந்த ஜூனில்தான் நம் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் வார்டன் அம்மாவோடு விடியற்காலையில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் வரிசையில் நின்றோமே, அதே நாள். ஐஸ் ஹவுஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். மூன்று வருஷம் கடற்கரை ரோட்டில் பஸ்ஸில் போய்வந்தேன். அந்த வட்டக் கட்டடம் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஒரு ஃபாரத்தை நிரப்பிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன், படித்து முடித்தவுடன் வங்கியில் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போய்விட்டேன். அதற்கு முன்னால் யார் யார் எந்தக் கதவைத் திறந்துவைத்தார்கள் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

நிற்க. நிதிக் குழுவின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். இருக்கிற பணத்தில் இருபது பேருக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்தி, எட்டே பேரை எடுத்துக்கொள்வோம். அந்த எட்டுப் பேருக்குக் கட்டணம், ஹாஸ்டல், பஸ் பாஸ், கடைசி வருஷம் ஒரு தொழில் பயிற்சி, முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போக ஒரு ஜோடி நல்ல துணி, முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் வரை தங்க இடம். எண்ணிக்கை குறைந்தால் ஆண்டறிக்கையில் பார்க்க நன்றாக இருக்காது என்று பொருளாளர் சொல்லப் போகிறார், தெரியும். எழும்பூரில் நாலு பேரோடுதான் ஆரம்பம் என்று நான் பதில் வைத்திருக்கிறேன். விட்டுப்போகிற பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் என்று கேட்டால் என்னிடம் இல்லை. அதற்குத்தான் உங்களில் வசதி உள்ளவர்கள் இந்த மலரை மூடிவைத்துவிட்டு எனக்கு போன் செய்ய வேண்டும்.

இன்னொன்று. மறுகூடலின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐஸ் ஹவுஸ் எதிரே, கடற்கரைப் பக்கம் நிற்பேன். இப்போது அதன் பெயர் விவேகானந்தர் இல்லம், 1963-லிருந்து. உள்ளே விவேகானந்தர் கண்காட்சி இருக்கிறது, ஆனால் அவ்வளவு காலையில் திறக்காது. வெளியே நின்று கட்டடத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பயிற்சிக் கல்லூரியின் வாசல் வரை நடந்துவிட்டு, காபி சாப்பிட்டுத் திரும்பலாம். முழங்கால் வலிக்காரர்கள் ஆட்டோவில் வாருங்கள். அந்த நகைக்கடைப் பெண்ணையும் கூப்பிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம், ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும், முதலாளி விட்டால் வருகிறேன் என்றிருக்கிறாள்.